காரண எண் முப்பத்தேழு

மனித குலத்தின் வரலாற்றில் காசுக்காக ஒரு தடவைகூடத் தன்னைத் தாழ்த்திக்கொள்ளாத ஒரே ஆள் செண்பகராஜ். இதில் சந்தேகம் உள்ளவர்கள் செண்பகராஜையே கேட்டுக்கொள்ளலாம். கேட்காதவர்களுக்கும் அவன் சொல்லிக்கொண்டுதான் இருந்தான்.

பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தவன், முப்பத்தொரு வயதில் அந்த வேலையை உதறிவிட்டு, விருதுநகரில் ரயில்பாதைக்கு மேற்கே இருந்த தன் வீட்டுக் கொல்லையில் நின்றபடி, தினமும் மாலை நாலரை மணிக்கு உலகத்துக்கு அண்டத்தை விளக்கினான். சேனலின் பெயர் ‘அண்டமும் செண்பகராஜும்’. பெயரில் அண்டத்தை முதலில் போட்டது அவனுடைய பெருந்தன்மை. அவன் பேசுவது தமிழ். கேட்பவர் காதில் விழுவது அவரவர் மொழி. “இங்கிட்டுப் பாருங்கப்பா, இதான் ஈர்ப்புவிசை” என்று அவன் சொன்ன அரை நொடியில், லிமா நகரத்து மாணவனுக்கும் ஓஸ்லோவின் பல் டாக்டருக்கும் அது அதே குரலில், அதே அலட்டலோடு போய்ச் சேரும். மொழிபெயர்க்கும் இயந்திரங்கள் அலட்டலைக் குறைக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை.

நாலு லட்சம் பேர் பார்த்தார்கள். அவர்களில் நாலாயிரத்துச் சொச்சம் பேர் மாதாமாதம் தங்கள் நாட்டுக் காசில் சந்தா அனுப்பினார்கள். செண்பகராஜ் அதைச் சந்தா என்று சொல்ல மாட்டான். குருதட்சிணை என்பான்.

விளக்குவதற்கு ஒரு கருவி வேண்டுமே. மூடிப்போன அரிசி ஆலை ஒன்றிலிருந்து, நெல் அவிக்கிற பாய்லரைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கி வந்து கொல்லையில் நிறுத்தியிருந்தான். ஆள் உயரம், இரண்டு ஆள் அகலம், உடம்பெல்லாம் துரு. அதற்குப் ‘பேரண்டம்’ என்று பெயர். அடியில் சீமைக்கருவேல விறகு எரியும். உள்ளே அழுத்தம் ஏறும். மேலே, நெற்றியில் வைத்த பொட்டு மாதிரி இருந்த மீட்டரில் முள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்புக்கோட்டை நோக்கி நகரும். முள் அங்கே போய்ச் சேருவதற்குள் செண்பகராஜ் ஒரு விண்மீனைப் பிறக்கவைத்து, வளர்த்து, சாகடித்துவிடுவான். பிறகு விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, “அறிவே அமைதி” என்று கைகூப்பி முடிப்பான்.

காரணச் சட்டம் வந்தபோதுகூட அவன் கலங்கவில்லை. நாடு தாண்டி வரும் பணம் எதுவானாலும் அதன் உண்மையான காரணத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றது சட்டம். அன்பளிப்பு என்று எழுதி ஆயுதத்துக்கும், கல்விக்கட்டணம் என்று எழுதி வேறு எதெதற்கோ அனுப்பியவர்களைப் பிடிக்கப் போட்ட சட்டம். சித்திரையில் சின்னச் சேனல்களுக்கு வந்தது. ஐப்பசியிலிருந்து பெரிய சேனல்களுக்கும் என்றார்கள்.

சின்னச் சேனலுக்கு உதாரணம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. செண்பகராஜின் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது பேச்சித்தாய் வீடு. லாரி ஓட்டும் புருஷனுக்குக் கால் முறிந்து கிடந்த நாளில், ஒழுகும் தகரக் கூரைக்கடியில் ஒரு கையில் குடையும் ஒரு கையில் கரண்டியுமாகச் சமைத்துக் காட்ட ஆரம்பித்தவள். வெளிநாட்டிலிருந்து அவளுக்கு வந்த பணத்தின் காரணம், ‘இரக்கம்’. அவள் அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். ஆடி மாதம் புருஷனுக்குக் கால் சரியாகி வேலைக்குப் போனான். சந்தோஷத்தில் புதுத் தகரம் போட்டார்கள். மூன்றாம் நாள், ‘காரணம் நீங்கியது’ என்று ஒரு வரி வந்தது. மூன்று மாதத்துப் பணம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. மறுநாள் பேச்சித்தாயே கூரை ஏறி இரண்டு தகரத்தைக் கழற்றி வைத்தாள். அதற்குப் பிறகு மழை வந்தால் அவள் சமைப்பாள், பணம் வரும்.

செண்பகராஜுக்கு இதைவிட இனிப்பான விஷயம் அந்தத் தெருவில் கிடைக்கவில்லை.

“உலகத்துலயே சம்பளம் வாங்குற ஓட்டை உங்க வீட்டு ஓட்டைதான்க்கா” என்றான் ஒரு நாள் சுவரில் சாய்ந்துகொண்டு.

“வாங்கிட்டுப் போகுது. உனக்கு என்ன தம்பி, எரியுது?”

“தகரம் வாங்க வக்கில்லைன்னா பரவால்ல. வாங்கின தகரத்தக் கட்டிலுக்கடியில வச்சுக்கிட்டு நனையிறீங்களே, அதத்தான் சொல்றேன். அடுத்தவன் பாவப்படணும்னு நம்மளயே நாம கெடுத்துக்கிறதா? மனுஷனுக்குத் தன்மானம்னு ஒண்ணு வேணாமா?”

பேச்சித்தாய் பதில் சொல்லுமுன் இருமினாள். ஆவணியில் தொடங்கிய இருமல். இப்போது அவள் பேச்சுக்கு நடுவில் அதற்கென்று ஓர் இடமே ஒதுக்கியாகிவிட்டது.

“தன்மானத்துல ரசம் வைக்க முடியும்னா சொல்லு, நானும் ஒரு கரண்டி வாங்கிக்கிறேன். நனையிறது நான் மட்டுந்தான் தம்பி. உன் அண்டா வெடிச்சா என் செவரும்ல சேந்து போகும்?”

“அண்டா இல்லக்கா. பேரண்டம்.”

“எதுவோ ஒண்ணு. துணி காயப் போட வர்ற உம் பொண்டாட்டியப் பாத்தாத்தான் எனக்குப் பக்குன்னு இருக்கு.”

செண்பகராஜின் மனைவி மங்கையர்க்கரசி அரசு ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு ஆசிரியை. குழாய், வால்வு, திருகாணி இவற்றோடு பேசிப் பழகியவள். பாய்லரைப் பார்க்கும்போதெல்லாம், “இதுக்கு சர்டிபிகேட் இருக்கா?” என்று கேட்பாள். “அண்டத்துக்கு யாரும் சர்டிபிகேட் குடுக்க முடியாது மங்கை” என்பான் அவன். அவளுடைய துணிக்கொடி பாய்லருக்கு மூன்றடி தள்ளித்தான் இருந்தது. அந்தச் சூட்டில் துணி சீக்கிரம் காய்ந்தது என்பது அந்த வீட்டில் அண்டத்தால் விளைந்த ஒரே நன்மை.

*

காரணப் பதிவு நிலையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பரோட்டாக் கடையின் மாடியில் இருந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும் திறப்பார்கள். ஒரே கவுன்டர், ஒரே இயந்திரம். பணம் வாங்குபவர் நேரில் வந்து, தனக்கு வந்த காரணத்தைத் தன் வாயால் வாசித்து, ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். மனசார ஒப்புக்கொள்கிறாரா என்பதைக் குரலை வைத்து இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

“சத்தமா வாசிங்க, மெஷினுக்குக் காது கொஞ்சம் மந்தம்” என்று, ஐப்பசி முதல் செவ்வாயன்று வரிசையில் நின்ற ஒவ்வொருவரிடமும் சொன்னார் கவுன்டரில் இருந்த ஜெபமணி. ஐம்பது வயது அம்மாள். மூக்கு நுனியில் கண்ணாடி. எந்தக் காரணத்துக்கும் புருவம் அசையாத முகம்.

இதனால், வாசிப்பது வரிசை முழுக்கக் கேட்டது. சாத்தூரிலிருந்து வந்த பாட்டுக்காரர், “தூக்கமின்மைக்கு நிவாரணம்” என்று வாசித்துவிட்டு, பாட்டைக் கேட்டுத் தூங்குகிறார்களா அல்லது பாட்டிலிருந்து தப்பிக்கத் தூங்குகிறார்களா என்று விளக்கம் கேட்டார். “அந்த அளவுக்கு மெஷின் போகாதுங்க” என்றார் ஜெபமணி. சேனலில் நடனமாடும் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். தன் சீட்டைப் பார்த்தாள், இரண்டாகக் கிழித்தாள், யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனாள். மாதாந்திரப் பதிவுக்காக வந்திருந்த பேச்சித்தாய், “இரக்கம், ஒப்புக்கொள்கிறேன்” என்று மளிகைக்கடையில் பருப்பு கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள்.

செண்பகராஜ் முறை வந்தது. அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு வரிசையைத் திரும்பிப் பார்த்தான்.

“எல்லாரும் கேட்டுக்கங்க. அறிவுங்கிற வார்த்தைய இந்த மெஷின் இன்னைக்குத்தான் முதமுதல்ல கேக்கப்போகுது. பயந்துறாமப் பிடிச்சுக்கங்க மேடம்.”

ஜெபமணி சீட்டை நீட்டினார். செண்பகராஜ் மேடைக் குரலில் தொடங்கினான்.

“காரண எண் முப்பத்தேழு. அனுப்பியோர் நாலாயிரத்து நூற்றுப் பதினாறு பேரில் நாலாயிரத்து நூற்றுப் பதினைந்து பேர். காரணம், பெறுநருக்கு நேரக்கூடிய விபத்தை...”

அங்கே நின்றான். கீழே பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

“சத்தமா தம்பி.”

“...விபத்தை நேரில் காணும் ஆவல்.”

வரிசையில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

“தப்பா வந்திருக்கு மேடம்” என்றான், குரலைத் தாழ்த்தி. “யாரோ விளையாட்டுக்கு எழுதியிருக்காங்க.”

“அவங்க எழுதலீங்க. வாயக் கேட்டாத்தான் பொய் சொல்லும். அனுப்புற பட்டனை அமுக்குறப்ப விரல்ல நாடியையும் கண்ணுமணியையும் போன் பாத்துக்கிரும். உங்க வீடியோவுல அவங்க கண்ணு எங்க நின்னுச்சுன்னும் பாத்து வச்சிருக்கும். நீங்களே பாருங்க.”

திரையை அவன் பக்கம் திருப்பினார். அவனுடைய கொல்லை, அவன், பாய்லர். பார்த்தவர்களின் கண் நின்ற இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. மீட்டரின் முள்ளைச் சுற்றி ரத்தம் கட்டின மாதிரி திட்டாகச் சிவந்திருந்தது. அவன் முகத்தில் மூன்று புள்ளிகள். ஈ உட்கார்ந்த மாதிரி.

“மிச்சம் ஒருத்தர் இருக்காரே?”

“ஊரு பேரு தாலின், ஏதோ பனி பெய்யிற தேசமாம். அவரு காரணம் அறிவுன்னுதான் வந்திருக்கு.”

செண்பகராஜ் அந்த ஒருவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். “பாத்தீங்களா!”

“ஒருத்தருக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்க. அதிகம் பேரு எதுவோ அதான் காரணம்.” ஜெபமணி கண்ணாடியை மேலே தள்ளினார். “ஒத்துக்கிறீங்களா?”

“ஒத்துக்கலைன்னா?”

“பணம் திரும்பிப் போயிரும். சேனலும் வெளிநாட்டுக்குப் போகாது. அங்க இனிமே ஒருத்தருக்கும் நீங்க தெரிய மாட்டீங்க.”

“ஒத்துக்கிட்டா? விபத்து நடக்கணுமா?”

“சேச்சே. அரசாங்கம் அப்படிச் சொல்லுமா?” ஜெபமணிக்கே கொஞ்சம் வருத்தமாகப் போய்விட்டது. “நடக்கணும்னு இல்ல. வாய்ப்பு இருந்தாப் போதும். ஒத்துக்கிட்ட காரணம் நிலவுதான்னு மெஷின் அப்பப்ப உங்க ஒளிபரப்பப் பாத்துக்கிரும். அவ்வளவுதான்.”

“இதுக்கு முன்னாடி யாருக்காவது இந்த முப்பத்தேழு வந்திருக்கா?”

“ரெண்டு பேருக்கு. ஒருத்தரு பைக்குல வித்தை காட்டுவாரு, இன்னொருத்தரு கெணத்துல குதிக்கிறவரு. ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு நல்லாத்தான் வாங்கிக்கிட்டிருந்தாங்க.”

“இப்ப?”

ஜெபமணி ஒரு கோப்பைத் திறந்து பார்த்தார். “‘காரணம் நிறைவேறியது.’ ரெண்டையும் மூடியாச்சு.” பிறகு ஏதோ ஆறுதல் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். “குடும்பத்துக்குப் பணம் ஒழுங்காப் போய்ச் சேந்துருச்சு தம்பி. அதுல குறையே சொல்ல முடியாது. யோசிங்க. அடுத்த செவ்வாய் வரைக்கும் நேரம் இருக்கு.”

படியிறங்கும்போது பேச்சித்தாய் பின்னாலேயே வந்தாள். அவள் கேலி செய்வாள் என்று அவன் காத்திருந்தான். அவள் இருமிவிட்டு, “பரோட்டா சாப்பிடுறியா தம்பி?” என்று மட்டும் கேட்டாள். அதுதான் அவனுக்கு ரொம்ப வலித்தது. இரக்கத்தைக் காசு வாங்காமல் கொடுக்கிறாளே!

*

மங்கைக்கு அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் அவள் மாணவர்களின் அப்பா அம்மாக்கள்.

மாலையில் வந்தவள் கைப்பையைக்கூட இறக்கி வைக்காமல் நேராகக் கொல்லைக்குப் போனாள். பாய்லரின் தலையிலிருந்த சேஃப்டி வால்வை விரலால் தட்டினாள். காது வைத்துக் கேட்டாள். நெம்பிப் பார்த்தாள்.

“இது கடைசியா எப்ப விசில் அடிச்சுச்சு?”

செண்பகராஜ் யோசித்தான். “போன மாசம் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பேச்சுக்கு இடைஞ்சல். இப்பத்தான் ஒரு மாசமா சத்தம் இல்லாம நல்லாயிருக்கு.”

“நல்லாயிருக்கா?” மங்கை அவனை மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள். “துருப்பிடிச்சு ஒட்டிப்போயிருக்குங்க. அழுத்தம் ஏறினா ஆவியை வெளிய விடுறதுக்குத்தான் இது. இது அசையவே இல்ல. ஒரு மாசமா நீங்க வெடிகுண்டு பக்கத்துல நின்னு பேசிக்கிட்டிருக்கீங்க.”

அவன் கடந்த மாதத்துக் கணக்கை எடுத்துப் பார்த்தான். விசில் நின்ற வாரத்திலிருந்துதான் சந்தா அனுப்புபவர்கள் இரண்டு மடங்காகியிருந்தார்கள். விண்மீன்களின் சாவு பற்றித் தான் பேசிய தொடருக்குக் கிடைத்த வரவேற்பு என்று அவன் அதை நினைத்திருந்தான். நாலு லட்சம் பேர் கவனித்ததை, பக்கத்தில் நின்றவன் கவனிக்கவில்லை.

மறுநாள் மங்கை லீவு போட்டுவிட்டு, காலையிலேயே மதுரைக்கு ஆள் அனுப்பிப் புது வால்வு வரவழைத்தாள். பித்தளையில் தங்கக்குண்டு மாதிரி பளபளத்தது. தானே பைப் ரெஞ்சை எடுத்து, பழையதைக் கழற்றி, டெஃப்லான் டேப் சுற்றிப் புதியதை மாட்டினாள். விறகைக் கொளுத்திப் பார்த்தார்கள். முள் பாதி தூரம் ஏறியதும் வால்வு ரயில் மாதிரி ஊதி ஆவியைக் கக்கியது. முள் பணிவாக இறங்கியது. சிவப்புக்கோடு எங்கோ தூரத்தில் இருந்தது.

“இதோட நிம்மதி” என்றாள்.

“இதோட நிரூபணம்” என்றான் செண்பகராஜ். “அந்த நாலாயிரம் பேரும் வேற எதையும் பாக்க இல்லாததால முள்ளப் பாத்தானுக. இனிமே என்னைத்தான் பாத்தாகணும்.”

புதன்கிழமை, வால்வு மாற்றியதை அறிவித்துவிட்டு, கருந்துளை பற்றிப் பேசினான். அவன் வாழ்க்கையின் மிகச் சிறந்த உரை. மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள். வால்வு முதல் தடவை ஊதியதும் பாதிப்பேர் போய்விட்டார்கள். வியாழன், நாற்பதாயிரம். வெள்ளிக்கிழமை எண்ணூறு பேர். சனிக்கிழமை அறுபது. யாரும் திட்டவில்லை, கேட்கவில்லை. அரங்கு காலியாவது தெரிந்தது. ஆட்கள் எழுந்துபோகிற சத்தம் மட்டும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்தொன்பது பேர். திங்கட்கிழமை ஒரே ஒருவர். தாலின்.

செண்பகராஜ் அந்த ஒருவருக்காக ஒன்றரை மணி நேரம் பேசினான். எங்கேயோ பனி பெய்யும் ஊரில், ஒரு ஜன்னலோரம் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்துத் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு முகத்தை அவன் மனதில் வரைந்து வைத்திருந்தான். “உலகத்துல அறிவாளிங்க கம்மி மங்கை. ஆனா இருக்காங்க” என்றான். அந்த ஒருவரிடமிருந்து உரை முடிந்ததும் ஒரு செய்தி வந்தது. இயந்திரம் அதை நல்ல தமிழில், மரியாதையோடு வாசித்தது.

“ஐயா, வணக்கம். நான் தொழிற்சாலைப் பாதுகாப்புப் பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர். கொதிகலன் அருகே என்னென்ன செய்யக் கூடாது என்பதைக் கற்பிக்க இரண்டு ஆண்டுகளாக உங்கள் ஒளிபரப்பைப் பயன்படுத்தினோம். இதைவிட முழுமையான பாடம் எங்கும் கிடைக்கவில்லை. நீங்கள் வால்வை மாற்றிவிட்டதால் இனி தேவைப்படாது. உங்கள் நலன் குறித்து மகிழ்ச்சி. நன்றி.”

எண் ஒன்றிலிருந்து பூஜ்யமானது.

மங்கை சிரிப்பை அடக்க முயன்று தோற்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“விடுங்க. பாலிடெக்னிக்ல பிரின்சிபால் இன்னும் உங்க இடத்த நிரப்பலையாம். நானே கேட்டேன். போய் நாப்பது பசங்களுக்குச் சொல்லிக்குடுங்க.”

“நாப்பது பேரா” என்றான், வியாதியின் பெயரைச் சொல்வது போல.

“ஆமா, நாப்பது பேரு. இங்க நாலு லட்சம் பேரு நீங்க சாகுறதுக்குக் காத்துக்கிட்டிருந்தாங்க. அங்க நாப்பது பேரு பெல் அடிக்கிறதுக்குக் காத்துக்கிட்டிருப்பாங்க. எது மேல், நீங்களே சொல்லுங்க.”

அவள் அதைச் சும்மா கேட்டாள். அவன் உண்மையிலேயே யோசித்தான். அவன் யோசிப்பதைப் பார்த்ததும் மங்கை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நாளைக்குப் போயி முடியாதுன்னு சொல்லிட்டு வந்துருங்க. சரியா?”

“சரி.”

“என் மேல சத்தியமா?”

“பாய்லர் வச்சிருக்குற வீட்டுல சத்தியமெல்லாம் எதுக்கு மங்கை?” என்று சிரித்தான். மனதாரத்தான் சிரித்தான்.

*

செவ்வாய்க்கிழமை அவன் முதல் ஆளாகப் போனான். யாரும் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். ஜெபமணி அப்போதுதான் இயந்திரத்தின் மேல் போர்த்தியிருந்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

“முடியாதுன்னு சொல்ல வந்தீங்களா?”

“ஆமா” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். திரையில் அவனுடைய பெயருக்குப் பக்கத்தில் பூஜ்யம் தெரிந்தது.

சீட்டை வாங்கி வாசித்தான். “காரண எண் முப்பத்தேழு. பெறுநருக்கு நேரக்கூடிய விபத்தை நேரில் காணும் ஆவல். ஒப்புக்கொள்கிறேன்.”

“சத்தமா தம்பி.”

சத்தமாக இன்னொரு தடவை வாசித்தான். கீழே பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டுவது ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது. இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. மனசாரத்தான் சொல்லியிருக்கிறான்.

“இன்னொண்ணு இருக்கு” என்றார் ஜெபமணி. “காரணம் நிலவுதா?”

“நிலவுகிறது.”

சிவப்பு எரிந்தது.

ஜெபமணி திரையைப் படித்தார். “வால்வு மாத்திட்டீங்களாமே? வாய்ப்பு பூஜ்யம்னு வருது.” கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். இந்த ஒரு வாரத்தில் அவர் அவனை முதல்முறையாகக் கண்ணாடி இல்லாமல் பார்த்தார். “வீட்டுல யாரு மாத்துனது?”

“என் மனைவி.”

“நல்ல பிள்ளை.” கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் பழைய முகம் திரும்பி வந்துவிட்டது. “இன்னைக்கு ஆறு மணி வரைக்கும் கணக்கு. சாயங்காலம் உங்க ஒளிபரப்பப் பாத்துட்டு மெஷினே முடிவு பண்ணிக்கிரும். நீங்க திரும்ப வர வேணாம்.”

பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அவன் வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றரை. வானம் தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மங்கை ஐந்தரைக்குத்தான் வருவாள்.

பைப் ரெஞ்ச் அவள் வைத்த இடத்திலேயே, அவள் வைக்கிற ஒழுங்கில் தொங்கியது. புது வால்வு மூன்று சுற்றில் கழன்று வந்தது. அவள் மாட்டினது என்பதால் மரை துளி சேதமில்லை. அதைச் செய்தித்தாளில் சுற்றி, அரிசி டிரம்முக்குள் அமுக்கி மூடினான். குப்பையில் கிடந்த பழைய வால்வை எடுத்து, சட்டையில் துடைத்து, அதன் இடத்தில் வைத்துத் திருகினான். அது ஏறமாட்டேன் என்று முரண்டு பிடித்தது. அவனும் விடவில்லை.

மேலே தகரம் உரசும் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சித்தாய் கூரைமேல் குந்தியிருந்தாள். மழை வருகிறது, இன்னும் ஒரு தகரத்தைக் கழற்ற ஏறியிருக்கிறாள். அவள் கையிலும் ஒரு ஸ்பேனர் இருந்தது.

இருவரும் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மழை வருது தம்பி” என்றாள்.

“ஆமாக்கா.”

அவள் இருமினாள். ரொம்ப நேரம் இருமினாள். பிறகு சுவரைப் பார்த்தாள், பாய்லரைப் பார்த்தாள்.

“இந்தச் செவரு விழுந்தாலும் எனக்கு நல்லதுதான்னு வையி. இரக்கம் கூடும்” என்றாள், விலை பேசுகிற குரலில். “எங்க வீட்டுக்காரரு வண்டியில போயிட்டாரு. நான் அடுப்ப வாசப்பக்கம் எடுத்துக்கிறேன். உன் பொண்டாட்டி எத்தன மணிக்கு வரும்?”

“அஞ்சரை.”

“அதுக்குள்ள முடிச்சுரு.”

தகரத்தைத் தூக்கிக்கொண்டு அவள் இறங்கிப்போனாள். கொஞ்ச நேரத்தில், வாசல் பக்கம் அடுப்பை இழுக்கும் சத்தம் கேட்டது.

செண்பகராஜ் விறகைக் கொளுத்தினான். கொடியில் மங்கையின் சேலையும் இரண்டு துண்டும் தொங்கின. ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷமாக ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அவற்றை எடுத்து, ஈரம் காய்ந்துவிட்டதா என்று தடவிப் பார்த்து, ஒவ்வொன்றாக மடித்து, வீட்டின் முன்னறையில், கட்டிலின் மேல், சுவரை விட்டுத் தள்ளி வைத்துவிட்டு வந்தான்.

நாலரை. கேமராவுக்கு முன்னால் வந்து நின்று கைகூப்பினான். பார்வையாளர் எண் பூஜ்யத்தில் இருந்தது. “இன்னைக்கு விண்மீன்களைப் பத்திப் பேசலாம்” என்றான். எண் அசையவில்லை.

கேமராவின் பின்னால் போனான். அதை இரண்டு விரற்கடை வலப்பக்கம் திருப்பினான். திரையில் மீட்டர் நடுவில் வந்தது, முள் நன்றாகத் தெரிந்தது. அவன் நின்று பேசும் இடத்தில் பாதி முகம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. இன்னும் ஒரு விரற்கடை திருப்பினான்.

பிறகு தன் இடத்தில் போய் நின்று பேசத் தொடங்கினான். முள் பாதியைத் தாண்டியது. விசில் அடிக்கவில்லை. எண் ஒன்றானது. ஒன்பதானது. முன்னூறானது.